இடிபடும் பாரிஸ்: பிரெஞ்சுக் கேலிச்சித்திர அச்சுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிரெஞ்சுக் கேலிச்சித்திரங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. ராஜாவைக் கிண்டலடித்த படங்களை எல்லாரும் பேசிவிட்டார்கள். என்னை இழுப்பது மற்றவை: வண்டிக்குள் இடிபடுகிறவர்கள், கடை வாசலில் மொய்க்கிறவர்கள், இலவச நாளில் கண்காட்சிக்குள் முண்டியடிக்கிறவர்கள். இவற்றைக் காட்டும்போதெல்லாம் நண்பர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் இனி சுட்டியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே.

எந்தக் காலத்துப் படங்கள் இவை?

தோராயமாக 1700 முதல் 1900 வரை பாரிஸில் அச்சாகி விற்றவை. முதலில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள், 1816க்கு மேல் கல்லச்சு வந்தது, கடைசியில் மரச்செதுக்கும் திரும்ப வந்தது. ஓவியம் போல ஒரே ஒரு பிரதி இல்லை. நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் அச்சடித்து விற்ற சரக்கு.

இருப்பதிலேயே பழையது எது?

‘இதுதான் முதல்’ என்று எதையும் சொல்லமாட்டேன். ஆனால் எனக்குப் பிடித்த தொடக்கம் 1700 வாக்கில் நிக்கோலா கெரார் செய்த ‘பாரிஸ் நெரிசல்’ செதுக்குப்படம். இடம் போன்நெஃப். பெயருக்குப் ‘புதுப் பாலம்’ என்று அர்த்தம், ஆனால் இன்று பாரிஸில் நிற்கும் பாலங்களில் அதுதான் மூத்தது. அந்தக் காலத்தில் மற்ற பாலங்கள் பலவற்றின் மேல் வரிசையாக வீடுகள் இருந்தன, இதில் இல்லை. அதனாலேயே ஊர் முழுக்க அங்கே வந்து சேரும். படத்தில் பெரிய மனிதர்களின் கோச்சு, பார வண்டி, தலைச்சுமைக்காரர், நடந்து போகிறவர் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறாத குறை.

படத்தின் அடியில் ஒரு பாட்டு அச்சாகியிருக்கிறது. அதன் சாரம் இதுதான்: பாரிஸில் நடக்க வேண்டுமானால் கண்ணைத் திறந்து வை, காதை நாலு பக்கமும் தீட்டி வை, ‘கார், கார்’ என்று கத்துவது காதில் விழாவிட்டால் மேலேயிருந்தோ கீழேயிருந்தோ நசுங்கிப் போவாய். ‘கார்’ என்பது வண்டி இல்லை, ‘விலகு’ என்பதற்கான பிரெஞ்சுச் சத்தம். நம் ‘ஓரம்போ’ தான்.

ஏன் பாரிஸ்?

மக்கள்தொகையைப் பார்த்தால் போதும். 1801 கணக்கெடுப்பில் சுமார் ஐந்தரை லட்சம் பேர். 1846இல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஊரின் எல்லை மாறவில்லை, தெருக்களும் பெரும்பாலும் பழைய குறுகல் தெருக்கள்தான். ஓஸ்மான் என்ற அரசு நிர்வாகி வந்து வீடுகளை இடித்து அகலச் சாலை போட்டதெல்லாம் 1853க்குப் பிறகு. அதாவது கேலிச்சித்திரம் உச்சத்தில் இருந்த அதே காலத்தில்தான் ஒரு தெருவில் இரண்டு தெருவின் ஜனம் நடந்துகொண்டிருந்தது. வரைகிறவனுக்கு வேறென்ன வேண்டும்!

கல்லச்சு என்றால் என்ன? அது வந்ததால் என்ன மாறியது?

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற சமையலறை உண்மைதான் மொத்த வித்தையும். பவேரியாவில் கிடைக்கும் வழவழப்பான சுண்ணாம்புக்கல் ஒன்றை எடுத்து, எண்ணெய்ப் பசையுள்ள கரிய கிரேயானால் அதன்மேல் வரைவார்கள். கருவேலம்பிசின் போன்ற பிசினையும் கொஞ்சம் அமிலத்தையும் கலந்து பூசிக் கல்லைப் பதப்படுத்துவார்கள். பிறகு கல்லை ஈரமாக்கி, மை தோய்ந்த உருளையை மேலே ஓட்டினால் கோடு இருக்கும் இடம் மட்டும் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளிவிடும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் தயார், இடவலமாகத் திரும்பியபடி. 1790களின் இறுதியில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது இது. 1816இல் பாரிஸில் இதற்கான அச்சகங்கள் வேர்பிடித்தன.

செப்புத்தகட்டில் ஒரு கூட்டத்தைச் செதுக்க வாரக்கணக்கில் ஆகும். கல்லில் வரைவது காகிதத்தில் வரைவது மாதிரியேதான். கை பழகிய ஆள் இன்றைக்கு வண்டியில் பார்த்த மூஞ்சியை இன்றைக்கே வரைந்துவிடலாம். அந்த வேகம் இல்லாவிட்டால் தினப் பத்திரிகையில் தினம் ஒரு படம் என்பது கனவில்கூட நடந்திருக்காது.

தோமியே, தோமியே என்கிறீர்களே, யார் அவர்?

ஒனொரே தோமியே. 1808இல் மார்செய் நகரில் பிறந்தார், அப்பா கண்ணாடி வேலைக்காரர். சிறுவயதிலேயே குடும்பம் பாரிஸுக்கு வந்துவிட்டது. பையன் கோர்ட் அமீனா ஒருவரிடம் எடுபிடி, அப்புறம் புத்தகக் கடையில் எடுபிடி. ஊர் முழுக்கக் கால்நடையாகச் சுற்றிய பையன் பிற்பாடு ஊரை வரைந்தான் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். 1879இல் இறக்கும் முன் அவர் செய்த கல்லச்சுப் படங்கள் மட்டும் ஏறத்தாழ 4000.

முதலில் அரசியல்தான் வரைந்தார். 1831இல் மன்னர் லூயி பிலிப்பை, ஏழைகளின் காசைக் கூடைகூடையாக விழுங்கும் ராட்சதனாகப் போட்டார். ஆறு மாதச் சிறைத் தண்டனை. அவரை வேலைக்கு வைத்திருந்த பத்திரிகைக்காரர் ஷார்ல் பிலிப்போன் இன்னும் சேட்டை பிடித்தவர். மன்னர் முகத்தைப் பேரிக்காயாக மாற்றிக் காட்டி வழக்கையே வேடிக்கையாக்கினார். அவர் 1832 டிசம்பரில் தொடங்கிய தினசரியின் பெயர் ‘லெ ஷரிவரி’. ஊருக்குப் பிடிக்காதவன் வீட்டு வாசலில் சட்டி பானையைத் தட்டி எழுப்பும் கூச்சலுக்குத்தான் ஷரிவரி என்று பெயர். லண்டனில் 1841இல் வந்த ‘பன்ச்’ தன் பெயருக்குக் கீழே ‘லண்டன் ஷரிவரி’ என்று போட்டுக்கொண்டது இதைப் பார்த்துத்தான்.

அரசியல் வரைந்தவர் ஏன் பஸ் பயணிகளை வரைய வந்தார்?

வேறு வழியில்லை. 1835 ஜூலையில் மன்னரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. பல துப்பாக்கிக் குழல்களை ஒன்றாகக் கட்டிச் சுட்டதில் மன்னர் தப்பினார், கூட இருந்த பலர் செத்தார்கள். அதைச் சாக்காக வைத்து செப்டம்பரில் சட்டம் வந்தது: எழுத்துக்கு முன் அனுமதி வேண்டாம், படத்துக்கு வேண்டும். எழுத்தை விடப் படத்துக்கு அரசு அவ்வளவு பயந்தது.

மன்னரை வரைய முடியாது, மந்திரியை வரைய முடியாது. சரி, வீட்டுக்காரனை வரை, குடித்தனக்காரனை வரை, மனைவியோடு ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றப் போய் மழையில் நனைகிற குமாஸ்தாவை வரை. நாம் இன்று ரசிக்கும் அன்றாடப் படங்களில் பாதிக்கு மேல் இந்தத் தணிக்கை போட்ட பிச்சை. 1848 புரட்சியில் கயிறு தளர்ந்ததும் அரசியல் படங்கள் திரும்பின. 1852இல் மறுபடி இறுக்கியதும் மறுபடி தெரு, ரயில், கண்காட்சி. தணிக்கை நல்லது என்று சொல்ல வரவில்லை, யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆம்னிபஸ் படங்கள் ஏன் இவ்வளவு பிரபலம்?

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் என் கட்சியே இதில்தான் இருக்கிறது.

பாரிஸில் 1828இல் ஸ்தனிஸ்லா போத்ரி என்பவர் ஆம்னிபஸ் ஓட்டினார். குதிரை இழுக்கும் நீள வண்டி, எதிரெதிராக இரண்டு பெஞ்சு, நடுவில் முழங்காலும் முழங்காலும் இடிக்கும் சந்து. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘எல்லாருக்கும்’ என்று அர்த்தம். அதுவரை வண்டி என்றால் சொந்த வண்டி, அல்லது வாடகைக்கு எடுத்த வண்டி. இப்போது சில்லறை இருக்கிற யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். தெருவில் கண்டால் ஒதுங்கிப்போகிற ஆள் இப்போது உங்கள் தோளில் சாய்ந்து தூங்குகிறார்.

1839இல் தோமியே போட்ட படத்துக்குத் தலைப்பு: ‘ஆம்னிபஸ் உள்ளே. ஒரு குடிகாரனுக்கும் ஒரு பன்றிக்கறிக்காரனுக்கும் நடுவில்’. ஒரு பெண் அந்த இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறார். தோளைச் சுருக்கி, கையை மடிமேல் இறுக்கி, தன்னைக் காகிதம் போல மடித்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறவர் மாதிரி. பெரிய சம்பவம் எதுவும் இல்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. மூன்று உடம்பு, இரண்டு பேருக்கான இடம், அவ்வளவுதான். நம்மில் டவுன்பஸ்ஸில் போகிறவர்கள் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத படம்.

1862இல் இன்னொன்று, மதலேன்–பஸ்தீய் தடத்து வண்டி. ஒரு பெருத்த பெண்மணி ஏறுகிறார். கீழே எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால்: ‘இத்தனூண்டு, ஒன்றுமேயில்லை... வண்டி நிறைந்துவிட்டது!’

இந்தப் படங்களில் தோமியே கூட்டத்தைக் கூட்டமாக வரைவதே இல்லை. ஒவ்வொரு முகத்துக்கும் தனியாக ஒரு மனக்குறை இருக்கிறது. எல்லா முகத்திலும் அதே கேள்விதான்: இவ்வளவு பேர் எதற்கு இந்த வண்டியில் ஏறித் தொலைத்தார்கள்? தானும் அந்த இவ்வளவு பேரில் ஒருவர்தான் என்பது மட்டும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மூக்கைப் பெரிதாகப் போடுவதும் வயிற்றை உருட்டுவதும் சும்மா மேலுக்கு, நிஜமான கேலி இதுதான் என்பது என் எண்ணம்.

கண்காட்சிப் படம் என்றீர்களே, அது என்ன?

பாரிஸில் அரசு நடத்திய பெரிய ஓவியக் கண்காட்சிக்கு ‘சலோன்’ என்று பெயர். காசு இல்லாமல் விடும் நாள்களும் உண்டு. 1852இல் தோமியே போட்ட படத்தின் தலைப்பு ‘காசு வாங்காத நாள்’, கூடவே ஒரு வெப்பநிலைக் குறிப்பு: 25 டிகிரி. பாரிஸ்காரனுக்கு அது வேகிற வெயில். சென்னைக்காரர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. படம் முழுக்கத் தலைகள், வியர்வை, பிதுங்கிய கண்கள். ஓவியம் பார்க்க வந்த கூட்டத்தில் யாருக்கும் ஓவியம் தெரியவில்லை, முன்னால் நிற்பவரின் தொப்பிதான் தெரிகிறது.

தோமியே தவிர வேறு யாரும் இல்லையா?

இருக்கிறார்கள், அதுவும் அவருக்கு முன்னாலேயே. லூயி லெயோபோல்ட் புவாயி என்ற ஓவியர் 1823 முதல் 1828 வரை ‘முகச்சுளிப்புகள்’ என்று ஒரு கல்லச்சு வரிசை போட்டார், தொண்ணூறுக்கு மேல். பின்னணியே கிடையாது. நாலைந்து தலைகளைக் கொத்தாகக் கட்டி வைத்தது போல ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரு படத்தில் பல் பிடுங்குகிறார்கள், ஒன்றில் ஓவியரசிகர்கள் மூக்கு படுகிற தூரத்தில் ஒரு படத்தைப் பரிசோதிக்கிறார்கள். மேற்படி ஆம்னிபஸ் வித்தையை இவர் வண்டி இல்லாமலே செய்துவிட்டார் என்று சொல்லலாம்.

தெபுக்கூர் 1792இல் செய்த ‘பொதுப் பூங்காவில் உலா’ வண்ணச் செப்புத்தகடு, பலே ரொயால் தோட்டத்தில் நாற்காலியில் சாய்ந்தும் சரிந்தும் இருக்கும் மேல்தட்டு மக்களைக் காட்டுகிறது. அழகான படம், கொஞ்சம் அடக்கமான கேலி. குஸ்தாவ் தோரே 1854இல் ‘பாரிஸ் மிருகக்காட்சிசாலை’ என்று மனிதர்களைத்தான் வரைந்தார். எத்மே பிகால், ஆன்ரி மோனியே, காவார்னி, ஷாம் என்று பட்டியல் நீளும். ஷாம் நிறைய வரைந்தவர், சீக்கிரம் சலிக்கவும் வைப்பவர். சண்டைக்கு வர வேண்டாம், என் ருசி அப்படி.

படத்தின் கீழே உள்ள வசனத்தை ஓவியரே எழுதினாரா?

தோமியே விஷயத்தில் பெரும்பாலும் இல்லை. பிலிப்போனும் பத்திரிகையில் இருந்த மற்ற எழுத்தாளர்களும் எழுதி ஒட்டியவை நிறைய. அதனால் வசனம் ஒரு பக்கம் இழுக்கும், படம் ஒரு பக்கம் இழுக்கும். பிரெஞ்சு தெரியாதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. முதலில் படத்தைப் பாருங்கள், சிரிப்பு வருகிறதா பாருங்கள், அதற்கப்புறம் வசனத்துக்குப் போங்கள். சில வசனங்கள் படத்தைக் கெடுத்தே விடுகின்றன.

இதெல்லாம் சாதாரண ஜனங்கள் வாங்கினார்களா?

வாங்கியது வசதியானவர்கள். பிலிப்போனின் வாராந்தரி ‘லா கரிக்கதூர்’ ஆண்டுச் சந்தா 52 பிராங்க். கூலிக்காரர் கைக்கு எட்டுகிற தொகை இல்லை. ஆனால் பார்த்தது ஊர் முழுக்க. அச்சுக்கடைக்காரர்கள் புதுப் படங்களைக் கண்ணாடி ஜன்னலில் ஒட்டி வைப்பார்கள், வாசலில் கூட்டம் கூடும், அந்தக் கூட்டத்தையே படமாக்கி அதே ஜன்னலில் ஒட்டுவார்கள்! நெப்போலியன் காலத்தில் மர்த்தினே கடை, 1830களில் ஓபேர் கடை. இந்த ஓபேர் பிலிப்போனின் மைத்துனர், கடை வெரோ-தொதா என்ற கூரை போட்ட கடைவீதியில் இருந்தது. அந்த வீதி இன்றும் இருக்கிறது.

படங்களில் இருப்பதெல்லாம் உண்மையா?

உடை, வண்டியின் அமைப்பு, பெஞ்சு, தொப்பி, குடை எல்லாம் நம்பலாம். அளவுகளை நம்பக்கூடாது. 1850களில் பெண்கள் அணிந்த வளையம் வைத்த கிரினோலின் பாவாடையை இவர்கள் வரைந்திருப்பதைப் பார்த்தால் ஒரு பெண் நடந்தால் ஒரு தெரு அடைபட்டது என்று தோன்றும்.

பெண்களையும் ஏழைகளையும் மட்டம் தட்டுகிறார்களே?

ஆமாம். சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். தோமியே 1844இல் எழுதும் பெண்களைக் கிண்டலடித்து ஒரு தொடரே போட்டார்: அம்மா எழுதிக்கொண்டிருக்கிறாள், குழந்தை தண்ணீர்த் தொட்டியில் தலைகுப்புறக் கிடக்கிறது. கோடு அபாரம், எண்ணம் அற்பம். த்ராவியெஸ் என்பவர் மயேய் என்ற கூனனை வைத்து வரிசையாகப் படம் போட்டார். உடல்குறையை வைத்துச் சிரிக்கிற அந்தப் படங்கள் இன்று பார்க்கக் கூசுகின்றன. நெரிசல் படங்களில் இந்த விஷம் குறைவு, ஏனென்றால் அங்கே எல்லாரும் ஒரே மாதிரி அடிபடுகிறார்கள். ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. பெருத்த பெண்மணி ஏறினால்தான் வண்டி நிறைகிறது, பெருத்த ஆண் ஏறினால் அவர் பன்றிக்கறிக்காரர் என்று ஒரு தொழிலாவது கிடைக்கிறது.

ரயில் வந்ததும்?

கொண்டாட்டம்தான். பாரிஸிலிருந்து செயின்ட் ஜெர்மேன் பக்கம் 1837இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1843 வாக்கில் தோமியே ரயில் தொடரே வரைந்தார். ஆரம்பத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரையே கிடையாது. மழை, புகை, கரித்தூள் எல்லாம் தலையில். பிற்பாடு அவர் தீட்டிய ‘மூன்றாம் வகுப்புப் பெட்டி’ ஓவியத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் கேலி கொஞ்சமும் இல்லை. அதே நெரிசல், அதே பெஞ்சு, கூடையை மடியில் வைத்த கிழவி, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். இருபது வருஷம் சிரித்துச் சிரித்து வரைந்த கைதான் அதையும் வரைந்தது.

இந்த வகைப் படங்கள் எப்போது முடிந்தன?

முடியவில்லை, மாறின. சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஃபெலிக்ஸ் வலோத்தோன் 1890களில் மரச்செதுக்கில் கூட்டங்களை வெறும் கறுப்பும் வெள்ளையுமாகப் போட்டார். 1893இல் செய்த ‘ஆர்ப்பாட்டம்’ படத்தில் ஜனங்கள் தலைதெறிக்க ஓடுகிறார்கள், முன்னால் வெறிச்சென்று தெரு. அதே ஆண்டு ‘போன் மார்ஷே’ என்ற பெரிய ஜவுளிக்கடையின் உள்ளே. 1900 உலகக் கண்காட்சியில் நகரும் நடைபாதை வைத்தார்கள், அதையும் செதுக்கினார். தோமியேயிடம் ஒவ்வொருவருக்கும் முகம் உண்டு. வலோத்தோனிடம் உடம்புகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கறுப்புத் திட்டாகிவிடுகின்றன.

ஒன்று வாங்கலாமா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது இந்தக் காலத்து அச்சு. நிஜக் கல்லச்சில் கிரேயான் சொரசொரப்பு ஒழுங்கில்லாமல் இருக்கும். ‘லெ ஷரிவரி’யிலிருந்து வந்த தாள் என்றால் பின்பக்கம் பத்திரிகை எழுத்து அச்சாகியிருக்கும். பின்பக்கம் வெள்ளையாக இருப்பவை சேகரிப்பவர்களுக்காக நல்ல தாளில் தனியே அடித்தவை, விலை அதிகம். தோமியேயின் படங்களுக்கு லொயி தெல்தேய் தயாரித்த பட்டியல் எண் உண்டு, விற்கிறவர் அதைச் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை அவசரப்பட்டு இணையத்தில் ஒன்றை வாங்கி, சட்டமும் போட்டு மாட்டி, ஒரு மாதம் கழித்துத்தான் லூப் வைத்துப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் புள்ளி. இன்னும் சுவரில்தான் இருக்கிறது, கழற்றச் சோம்பல்.

இலவசமாக எங்கே பார்க்கலாம்?

பிரான்ஸ் தேசிய நூலகத்தின் ‘கலிக்கா’ தளம், பாரிஸ் நகர அருங்காட்சியகங்களின் சேகரிப்புத் தளம் (பாரிஸ் வரலாற்று அருங்காட்சியகமான கர்னவாலே இதில் வரும்), நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம். மூன்றிலும் பெரிய அளவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஃபோனில் பார்க்காதீர்கள், மூலையில் இருக்கும் முகங்கள் தவறிவிடும்.

ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம். எது?

த்ராவியெஸ் 1831 டிசம்பரில் ‘லா கரிக்கதூர்’ இதழுக்கு வரைந்தது. மேலே சொன்ன ஓபேர் கடை வாசல். ஜன்னல் நிறையக் கேலிச்சித்திரங்கள், அதன்முன் முண்டியடிக்கும் கூட்டம், தொப்பி போட்டவர், போடாதவர், எட்டிப் பார்ப்பவர். கீழே வசனம்: ‘நம்ம அரசாங்கத்துக்கு மூஞ்சி ரொம்ப வேடிக்கையாத்தான் இருக்கு, ஒத்துக்கணும்!’ ஜன்னலில் இருப்பது என்ன படம் என்று பார்க்க நானும் எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். முன்னால் நிற்கிறவர்கள் மறைக்கிறார்கள்.